இப்போது குழந்தை யார் கையில்?

குழந்தை வளர்ப்பு: வாசகர் கேள்விகள்
பதில் சொல்பவர், குழந்தைகள் வார்டில் 31 ஆண்டுகள் பணியாற்றி ஓய்வு பெற்ற செவிலியர்

கேள்வி: எங்கள் மகளுக்கு ஒன்பது மாதம். டயபர் மாற்றுகிறேன், குளிப்பாட்டுகிறேன், இரவில் தோளில் போட்டுக்கொண்டு நடக்கிறேன். ஆனாலும் என் மனைவி, "நீங்கள் உதவி செய்கிறீர்கள், பொறுப்பு எடுத்துக்கொள்வதில்லை" என்கிறாள். இதற்கு மேல் நான் என்ன செய்ய வேண்டும்?
(ஓர் இளம் தந்தை)

பதில்: தம்பி, முதலில் நான் சில கேள்விகள் கேட்கிறேன். குழந்தைக்கு அடுத்த தடுப்பூசி என்றைக்கு? நகம் கடைசியாக எப்போது வெட்டினீர்கள்? இப்போது போடுகிற டயபர் அளவு இன்னும் எத்தனை நாளைக்குப் பற்றும்? வீட்டில் இருக்கும் காய்ச்சல் மருந்து எந்த மாதம் காலாவதியாகிறது? இவற்றுக்கு யோசிக்காமல் பதில் வந்தால் உங்கள் மனைவி சொல்வது தப்பு. "அவளைத்தான் கேட்க வேண்டும்" என்று தோன்றினால், அவர் சொல்ல வருவது இதைத்தான்.

வார்டில் டியூட்டி மாறும் நேரத்தில் கட்டில் கட்டிலாகப் போய் ஒப்படைப்போம். இந்தக் குழந்தைக்கு இத்தனை மணிக்கு மருந்து கொடுத்தாயிற்று, அடுத்தது இத்தனை மணிக்கு, சிறுநீர் போய் நான்கு மணி நேரமாகிறது, இவனுடைய அம்மா மதியம் எதுவும் சாப்பிடவில்லை, ஒரு பார்வை பாருங்கள். இப்படி எல்லாவற்றையும் கேட்டு முடித்த நொடியிலிருந்து அந்தக் குழந்தை என்னுடையது. "எனக்கு யாரும் சொல்லவில்லையே" என்று அதற்கு அப்புறம் நான் சொல்ல முடியாது. பொறுப்பு என்ற சொல்லுக்கு நான் கற்ற அர்த்தம் அது. குழந்தைக்காகக் கையால் செய்கிற வேலை ஒரு பங்கு என்றால், மனதில் வைத்திருக்க வேண்டிய வேலை இன்னொரு பங்கு. உங்கள் வீட்டில் அந்த இரண்டாவது பங்கு முழுவதும் ஒரே தலையில் இருக்கிறது. அந்தத் தலை தூங்கும்போதும் ஓய்வதில்லை.

என் கதையைச் சொல்கிறேன். மகளுக்கு ஐந்து மாதம் ஆனபோது நான் இரவு டியூட்டிக்குத் திரும்பினேன். அதுவரை என் கணவர் நான் சொன்னதைச் செய்துகொண்டிருந்தவர். முதல் வாரம் ஓர் இரவுக்கு மூன்று முறை வார்டு தொலைபேசிக்கு அழைப்பார். ஒருநாள் வார்டில் ஒரு குழந்தைக்கு வலிப்பு வந்துவிட்டது, விடியும்வரை என்னால் போன் பக்கமே போக முடியவில்லை. காலையில் பதறிக்கொண்டு வீட்டுக்கு வந்தால் மகள் நிம்மதியாகத் தூங்கிக்கொண்டிருந்தாள். முதுகைத் தட்டிக்கொண்டே ஜன்னல் ஓரமாக நின்றால் அவள் அழுகை அடங்கும் என்று அவராகவே கண்டுபிடித்திருந்தார். அது எனக்கே தெரியாது. கேட்க ஆள் இல்லாத அந்த ஓர் இரவுதான் அவரை அப்பாவாக்கியது என்று இன்றைக்கும் சொல்வார்.

அதனால் வேலையைத் துண்டு துண்டாக எடுக்காமல் முழுதாக எடுங்கள். தடுப்பூசி உங்களுடையது என்றால், தேதி பார்ப்பது, அலுவலகத்தில் விடுப்பு சொல்வது, அட்டையை மறக்காமல் எடுப்பது, கூட்டிப்போவது, அன்று இரவு காய்ச்சல் அடித்தால் விழித்திருப்பது எல்லாமே உங்களுடையது. 1989-ல் ஐ.நா. பொதுச்சபை ஏற்றுக்கொண்ட குழந்தைகள் உரிமை உடன்படிக்கையின் 18-வது பிரிவு, குழந்தையை வளர்க்கும் பொறுப்பு பெற்றோர் இருவருக்கும் பொதுவானது என்றுதான் சொல்கிறது. ஒருவர் பொறுப்பாளர், மற்றவர் கைத்துணை என்று அது பிரிக்கவில்லை.

உங்கள் மனைவிக்கும் ஒரு வார்த்தை. என் கணவர் துணி கட்டினால் கோணலாக இருக்கும். நான் அதை அவிழ்த்து மறுபடி கட்டுவேன். இரண்டு மாதம் அப்படிச் செய்தேன், அவர் கட்டுவதையே விட்டுவிட்டார். அந்தத் தவறு என்னுடையது. கோணலாகக் கட்டிய துணியால் எந்தக் குழந்தைக்கும் ஒன்றும் ஆவதில்லை அம்மா, விட்டுவிடுங்கள்.

கேள்வி: குழந்தை பிறந்து ஏழு வாரம். சாயங்காலம் ஆறு மணிக்கு ஆரம்பித்தால் ஒன்பது, பத்து வரை அழுகை. பால் கொடுத்தாலும் நிற்பதில்லை. நேற்று அவனைப் பிடித்து உலுக்கிவிடலாம் போல இருந்தது. கத்திவிட்டேன், அப்புறம் நானும் அழுதேன். நான் கெட்ட அம்மாவா?
(பெயர் வேண்டாம்)

பதில்: இதை எழுதி அனுப்பியது நல்ல காரியம், அம்மா. கெட்ட அம்மா என்றால் இந்தக் கடிதமே வந்திருக்காது. உங்கள் மனதில் வந்த எண்ணம் நிறைய பேருக்கு வருவதுதான், வாய்விட்டுச் சொல்பவர்கள் குறைவு. எண்ணம் வந்ததற்காக உங்களை வெறுக்காதீர்கள். ஆனால் அது கைக்கு வந்துவிடாமல் இருக்க ஓர் ஏற்பாடு இன்றைக்கே வேண்டும்.

குழந்தையின் அழுகைக்கு ஒரு கணக்கு இருக்கிறது. பிறந்து இரண்டு வாரம் ஆனதும் ஏற ஆரம்பிக்கும், ஆறு முதல் எட்டு வாரத்தில் உச்சத்துக்குப் போகும், மூன்று நான்கு மாதத்துக்குள் தானாகவே இறங்கிவிடும். சாயங்காலமும் முன்னிரவும்தான் அதன் நேரம். நல்ல ஆரோக்கியமான குழந்தையும் அப்படி அழும். நீங்கள் இப்போது அந்த மலையின் உச்சியில் நிற்கிறீர்கள்.

உலுக்கக் கூடாது என்பதற்குக் காரணமும் தெரிந்திருக்கட்டும். சிசுவின் தலை உடம்புக்குப் பெரியது, கழுத்துக்கு வலு கிடையாது. உலுக்கும்போது மூளை மண்டைக்குள் முன்னும் பின்னும் ஆடி ரத்தக்குழாய்கள் கிழிந்துவிடும். சில நொடிகள் போதும். பார்வை போகலாம், உயிரே போகலாம். அப்படி வந்த குழந்தைகளை நான் கையில் வாங்கியிருக்கிறேன். கொண்டுவந்தவர்களும் குழந்தையை நேசித்தவர்கள்தான்.

அதனால், கை நடுங்குகிறது என்று தோன்றினால், குழந்தையைத் தொட்டிலில் உறுதியான மெத்தைமேல் மல்லாக்கப் படுக்கவையுங்கள். பக்கத்தில் தலையணை, பொம்மை, தளர்ந்த துணி எதுவும் வேண்டாம். கதவைச் சாத்திவிட்டு வெளியே வந்துவிடுங்கள். பத்து நிமிடம் அழட்டும். பத்து நிமிடம் தனியாக அழுததால் எந்தக் குழந்தைக்கும் தீங்கு வந்ததில்லை. முகம் கழுவுங்கள், தண்ணீர் குடியுங்கள், யாருக்காவது போன் செய்து "இப்போது என்னால் முடியவில்லை" என்ற மூன்றே வார்த்தை சொல்லுங்கள். அப்புறம் போய்ப் பாருங்கள். (மல்லாக்க என்று சொன்னது முக்கியம். 1990-களில் பல நாடுகளில் சிசுவை மல்லாக்கப் படுக்கவைக்கச் சொல்லிப் பிரச்சாரம் செய்தார்கள், தூக்கத்தில் காரணம் தெரியாமல் நிகழும் சிசு மரணங்கள் ஏறக்குறைய பாதியாகக் குறைந்தன. ஒவ்வொரு தூக்கத்துக்கும் மல்லாக்கத்தான்.)

எந்த அழுகைக்கு உடனே மருத்துவரிடம் ஓட வேண்டும்? மூன்று மாதத்துக்குள் இருக்கும் குழந்தைக்கு 38 டிகிரி செல்சியஸ் அல்லது அதற்கு மேல் காய்ச்சல் இருந்தால், விடியட்டும் என்று காத்திருக்கக் கூடாது. பால் குடிக்க மறுத்தாலும், பச்சை நிறத்தில் வாந்தி எடுத்தாலும், உச்சிக்குழி புடைத்திருந்தாலும், துவண்டு கிடந்தாலும், அழுகை வழக்கமான குரலில் இல்லாமல் கீச்சென்றோ முனகலாகவோ மாறினாலும் அப்படித்தான்.

இன்னொன்று உங்களைப் பற்றியது. குழந்தை தூங்கும்போதும் உங்களுக்குத் தூக்கம் வரவில்லையா? எதிலும் பிடிப்பு இல்லாமல் இரண்டு வாரத்துக்கு மேல் ஓடுகிறதா? அப்படியானால் மருத்துவரிடம் அதைச் சொல்லுங்கள். பிரசவத்துக்குப் பிந்தைய மனச்சோர்வைக் கண்டுபிடிக்க 1987 முதல் எடின்பரோ அளவுகோல் என்ற பத்துக் கேள்விகள் கொண்ட ஒரு தாள் புழக்கத்தில் இருக்கிறது. ஐந்து நிமிட வேலை. அது நோய்தான், குணமாகிற நோய். உங்களையோ குழந்தையையோ ஏதாவது செய்துகொண்டுவிடுவோமோ என்ற எண்ணம் வந்தால் மட்டும் நாளை என்று தள்ளாதீர்கள். பக்கத்தில் இருப்பவரிடம் உடனே குழந்தையைக் கொடுத்துவிட்டு, அன்றே மருத்துவரைப் பாருங்கள்.

கேள்வி: எட்டு மாதக் குழந்தைக்குத் தேன் கொடுக்கலாமா? கொஞ்சம்தான், மருந்தைக் குழைக்க.
(ஒரு பாட்டி)

பதில்: வேண்டாம் அம்மா, ஒரு துளியும் வேண்டாம். ஒரு வயது முடியட்டும். தேனில் ஒரு வகை பாக்டீரியாவின் வித்துகள் இருக்கலாம். பெரியவர்கள் குடல் அதைத் தாங்கும், சிசுவின் குடலில் அது முளைத்து நஞ்சை உண்டாக்கும். முதலில் மலச்சிக்கல், அப்புறம் அழுகை பலவீனமாகும், உடம்பு துவளும். வீட்டு அடுப்பில் காய்ச்சினாலும் அந்த வித்துகள் சாவதில்லை.

கேள்வி: மகனுக்கு இரண்டு வயது ஆகப்போகிறது. போன் காட்டினால்தான் வாய் திறக்கிறான். முன்பு நன்றாகச் சாப்பிட்டவன். இப்போது பாதித் தட்டு அப்படியே இருக்கிறது. போனை நிறுத்தினால் பட்டினி கிடந்துவிடுவானோ என்று பயமாக இருக்கிறது.
(ஒரு தாய்)

பதில்: உங்கள் பயம் எங்கே ஆரம்பித்தது என்று பார்ப்போம். பிறந்தபோது இருந்த எடை ஒரு வயதில் ஏறக்குறைய மூன்று மடங்காகிறது. அடுத்த ஒரு வருடம் முழுவதும் கூடுவது சுமார் இரண்டு, இரண்டரை கிலோதான். வளர்ச்சி மெதுவாகிறது, பசியும் குறைகிறது. அவன் உடம்பு சரியாகத்தான் கணக்குப் போடுகிறது. நாம்தான் பழைய அளவை மனதில் வைத்துக்கொண்டு ஊட்டுகிறோம். எடை அட்டையில் கோடு ஒழுங்காக ஏறிக்கொண்டிருந்தால் பாதித் தட்டு மிஞ்சியதற்குக் கவலைப்படாதீர்கள்.

எலின் சாட்டர் என்ற உணவியல் நிபுணர் இதில் பொறுப்பை அழகாகப் பிரித்தார். என்ன, எப்போது, எங்கே என்பது பெரியவர்கள் கையில். எவ்வளவு, சாப்பிடுவதா வேண்டாமா என்பது குழந்தை கையில். போனைக் காட்டி ஊட்டும்போது நாம் அவன் பங்கையும் பிடுங்கிக்கொள்கிறோம். வயிறு நிறைந்தது அவனுக்கே தெரியாமல் போகிறது.

உலக சுகாதார நிறுவனம் 2019-ல் வெளியிட்ட வழிகாட்டுதல் இரண்டு வயதுக்கு முன் திரையே வேண்டாம் என்கிறது. இரண்டு முதல் நான்கு வயதுவரை ஒரு நாளைக்கு ஒரு மணி நேரத்துக்கு மேல் கூடாது, அதற்கும் குறைந்தால் நல்லது. போனை நிறுத்தினால் மூன்று நான்கு நாள் ரகளை இருக்கும். அந்த நாட்களில் நீங்களும் அவனோடு உட்கார்ந்து சாப்பிடுங்கள், இருபது நிமிடத்தில் தட்டை எடுத்துவிடுங்கள், அடுத்த வேளைவரை கொறிக்க எதுவும் தராதீர்கள்.

கூடவே உங்கள் போனையும் கண்ணில் படாமல் வையுங்கள். 1970-களில் எட்வர்ட் ட்ரோனிக் என்ற உளவியலாளர் ஒரு சோதனை செய்தார். அம்மா குழந்தையோடு கொஞ்சி விளையாடிவிட்டு, சட்டென்று முகத்தில் எந்த அசைவும் இல்லாமல் உட்கார வேண்டும். குழந்தை முதலில் சிரித்துப் பார்க்கும், கையை நீட்டும், சத்தம் கொடுக்கும். ஒன்றும் பலிக்காதபோது முகத்தைத் திருப்பிக்கொண்டு சோர்ந்துபோகும். சில நிமிடத்துக்குள் இவ்வளவும். போனைப் பார்க்கும்போது நம் முகம் எப்படி இருக்கிறது என்று யோசித்துப் பாருங்கள்.

கேள்வி: போன வாரம் வீட்டில் உறவினர்கள் பத்துப் பன்னிரண்டு பேர். ஒன்றரை வயது மகளை எல்லோரும் மாறி மாறித் தூக்கிக்கொண்டிருந்தார்கள். திடீரென்று ஆளைக் காணோம். குளியலறையில், தண்ணீர் இருந்த வாளியின் விளிம்பைப் பிடித்துக் குனிந்துகொண்டிருந்தாள். ஒன்றும் ஆகவில்லை. ஆனால் அன்றிலிருந்து எனக்குத் தூக்கம் இல்லை. யார்மேல் தப்பு?
(ஒரு தாய்)

பதில்: தப்பு யார்மேல் என்று தேடினால் பன்னிரண்டு பேர் முகமும் வரும், ஒருவர்மேலும் நிற்காது. அதுதான் சிக்கல். பத்துப் பேர் இருக்கும் வீட்டில் குழந்தைக்கு ஆபத்து அதிகம் என்று நான் சொன்னால் நம்ப மாட்டார்கள். ஒரு பெரியவர் மட்டும் இருக்கும்போது, பார்க்க வேண்டியது தான்தான் என்று அவருக்குத் தெரியும். பத்துப் பேர் இருந்தால் ஒவ்வொருவருக்கும் மற்ற ஒன்பது பேர் இருக்கிறார்கள்.

வேலையில் சேர்ந்து ஐந்தாவது வருடம் நடந்தது இது. டியூட்டி மாறும் நேரம், ஒரு கட்டிலுக்கு இந்தப் பக்கம் நான், அந்தப் பக்கம் இன்னொரு செவிலியர். கட்டிலின் தடுப்புக் கம்பியை அவர் ஏற்றிவிட்டார் என்று நான் நினைத்தேன், நான் ஏற்றுவேன் என்று அவர் நினைத்தார். இரண்டு வயதுப் பையன் கீழே விழுந்தான். நெற்றியில் ஒரு வீக்கம், நல்லவேளை அதோடு போயிற்று. அன்றிலிருந்து ஓய்வு பெற்ற நாள்வரை கம்பியைக் கையால் தொட்டு, "நான் ஏற்றிவிட்டேன்" என்று வாய்விட்டுச் சொல்லாமல் எந்தக் கட்டிலையும் விட்டு நகர்ந்ததில்லை. புதிதாக வரும் பெண்கள் வேடிக்கையாகப் பார்ப்பார்கள், பார்த்தால் பார்க்கட்டும்.

வீட்டிலும் அதையே செய்யுங்கள். குழந்தையை ஒருவரிடமிருந்து ஒருவர் வாங்கும்போது, "இப்போது குழந்தை என்னிடம்" என்று சொல்ல வேண்டும். சொன்னவர் கழிவறைக்குப் போவதானாலும் பெயர் சொல்லி இன்னொருவரிடம் கொடுத்துவிட்டுத்தான் போக வேண்டும். "யாராவது பாருங்கள்" என்ற வாக்கியமே வீட்டில் இருக்கக் கூடாது. பெரியவர்களிடம் இப்படிச் சொல்லக் கூச்சமாக இருக்கும். இரண்டு நாள் சொன்னால் பழகிவிடும்.

வாளியைப் பற்றி. இந்த வயதில் தலைதான் கனம். குனிந்து உள்ளே விழுந்தால் குழந்தையால் தன்னைத் தூக்கிக்கொள்ள முடியாது. மூக்கும் வாயும் மூழ்கும் அளவு, ஐந்து சென்டிமீட்டர் தண்ணீரே போதும். மூழ்கும் குழந்தை கத்தாது, தண்ணீரை அடித்துச் சத்தம் எழுப்பாது. பக்கத்து அறையில் இருப்பவருக்கு எதுவுமே கேட்காது. ஆகவே வாளி காலியாக, கவிழ்த்து இருக்கட்டும். குளியலறைக் கதவுக்குக் குழந்தைக்கு எட்டாத உயரத்தில் ஒரு தாழ்ப்பாள் போடுங்கள். குளிப்பாட்டும்போது போன் அடித்தாலும் மணி அடித்தாலும் குழந்தையைத் தூக்கிக்கொண்டே போங்கள்.

விருந்தினர் வரும் நாளில் அவர்களுடைய கைப்பைகளையும் உயரத்தில் வையுங்கள். மாத்திரைகள் பெரும்பாலும் அங்கேதான் இருக்கும். ரிமோட், பாடும் வாழ்த்து அட்டை, சின்ன விளக்குகளில் இருக்கும் பட்டன் பேட்டரி மாத்திரையைவிட மோசமானது. தொண்டைக்குக் கீழே சிக்கினால் இரண்டு மணி நேரத்துக்குள் உணவுக்குழாயை அரித்துவிடும். விழுங்கியிருக்கலாம் என்ற சந்தேகம் வந்தாலே போதும், வாந்தி எடுக்கவைக்க முயற்சி செய்யாமல் நேராக அவசரப் பிரிவுக்குப் போங்கள்.

உங்கள் தூக்கம் திரும்பும். தாழ்ப்பாளைப் போட்ட அன்றைக்கே பாதி திரும்பிவிடும்.

கேள்வி: மூன்று வயது மகன் கோபம் வந்தால் தரையில் புரள்கிறான், அடிக்கிறான். நானும் இரண்டு தட்டு தட்டிவிடுகிறேன். என்னையும் அடித்துத்தான் வளர்த்தார்கள், நான் நன்றாகத்தானே இருக்கிறேன்?
(ஒரு தந்தை)

பதில்: நன்றாக இருக்கிறீர்கள், சந்தோஷம். ஆனால் அடி வாங்கிய அன்று என்ன கற்றுக்கொண்டீர்கள் என்று நினைத்துப் பாருங்கள். செய்த தப்பு நினைவிருக்கிறதா, அடித்த கை நினைவிருக்கிறதா? எனக்குக் கைதான் நினைவிருக்கிறது.

அடிக்கக் கூடாது என்று அவனுக்குச் சொல்லிக்கொண்டே அடிக்கிறோம். அவன் சொல்லைக் கேட்பதைவிட, நாம் செய்வதைப் பார்த்துச் செய்கிறவன். பிள்ளைகளை அடிப்பதை 1979-ல் ஸ்வீடன் முதல் நாடாகச் சட்டம் போட்டுத் தடுத்தது, இன்று 60-க்கும் மேற்பட்ட நாடுகள் தடுத்திருக்கின்றன.

புரளும்போது பேசிப் பயனில்லை. பக்கத்தில் உட்காருங்கள், அடிக்கிற கையை மெதுவாகப் பிடித்து, "அடிக்க விடமாட்டேன்" என்று ஒருமுறை மட்டும் சொல்லுங்கள். அடங்கியதும் தூக்கிக்கொண்டு, "பொம்மையைப் பிடுங்கிவிட்டார்கள், உனக்குக் கோபம்" என்று அவன் கோபத்துக்கு ஒரு பெயர் கொடுங்கள். மூன்று வயதில் கோபம் முழு அளவில் வருகிறது, அதைச் சொல்ல வார்த்தைதான் இன்னும் வந்து சேரவில்லை. தூக்கத்தையும் பாருங்கள். இந்த வயதுக்கு ஒரு நாளில் 10 முதல் 13 மணி நேரம் வேண்டும். குறைந்த நாளில்தான் ரகளை அதிகமாக இருக்கும், ஒரு வாரம் குறித்து வைத்தால் தெரிந்துவிடும்.

இதுவரை தட்டியதற்கு அவனிடம் மன்னிப்புக் கேளுங்கள். "அப்பா அடித்தது தப்பு" என்று சொன்னால் உங்கள் மரியாதை குறையாது.

கேள்வி: நான் தனியாக வளர்க்கிறேன். மகளுக்கு நான்கு வயது. நீங்கள் எப்போதும் "ஒப்படையுங்கள்" என்று எழுதுகிறீர்கள். எனக்கு ஒப்படைக்க யார் இருக்கிறார்கள்?
(ஒரு தாய்)

பதில்: உங்கள் கேள்வி என்னை நான்கு நாள் எழுதவிடவில்லை அம்மா. நீங்கள் சொல்வது சரி. துணை இருக்கும் வீட்டை மனதில் வைத்தே எழுதிவந்திருக்கிறேன்.

ஆள் குறைந்து இரவு வார்டில் நான் தனியாக நின்ற நாட்கள் உண்டு. அந்த நாட்களில் முதல் வேலையாகப் பக்கத்து வார்டுக்குப் போய், "இன்றைக்கு நான் மட்டும்தான்" என்று சொல்லிவிட்டு வருவேன். அவர்கள் வர வேண்டிய தேவை பெரும்பாலும் வராது. ஆனால் நான் கூப்பிட்டால் எதற்கு என்று கேட்காமல் ஓடிவருவார்கள் என்ற தைரியத்தில் அந்த இரவு நகரும். உங்களுக்கு வேண்டியது அப்படி இரண்டு பேர். ஒருவர் போதாது, அவருக்கும் காய்ச்சல் வரும்.

"ஏதாவது உதவி வேண்டுமா" என்று கேட்பவர்களிடம் "பரவாயில்லை" என்று சொல்வதை நிறுத்துங்கள். "சனிக்கிழமை நான்கிலிருந்து ஆறு வரை இவளைப் பார்த்துக்கொள்ள முடியுமா" என்று நேரம் சொல்லிக் கேளுங்கள். எத்தனை மணிக்கு முடியும் என்று தெரிந்தால்தான் மனிதர்கள் சரி என்பார்கள். அந்த இரண்டு மணி நேரத்தில் வீட்டு வேலை பார்க்காதீர்கள், படுங்கள். 1951-ல் உலக சுகாதார நிறுவனத்துக்காக ஜான் பௌல்பி என்ற மனநல மருத்துவர் எழுதிய அறிக்கை, குழந்தைகளை மதிக்கிற சமூகம் அவர்களுடைய பெற்றோரைப் பேணியாக வேண்டும் என்றது. கேட்பது உங்கள் உரிமை, அதில் கூச்சத்துக்கு இடமில்லை.

குழந்தையை விடும் முன் அவரைப் பழகிப் பாருங்கள், முதல் இரண்டு முறை நீங்களும் கூட இருங்கள். மகள் திரும்பி வந்ததும் என்ன செய்தாள், யாரோடு இருந்தாள் என்று பேச்சோடு பேச்சாகக் கேளுங்கள். அவளுக்குப் பிடிக்கவில்லை என்றால் காரணம் கேட்டு வற்புறுத்தாமல் நிறுத்திவிடுங்கள்.

அப்புறம் ஒரு தாள் எழுதுங்கள். இன்று இரவு உங்களுக்கு உடம்பு சரியில்லாமல் போனால், மகளைப் பார்க்க வருபவருக்கு என்னவெல்லாம் தெரிய வேண்டும்? அவளுடைய எடை, அந்த எடைக்குக் காய்ச்சல் மருந்து எவ்வளவு, எது ஒத்துக்கொள்ளாது, மருத்துவர் எண், வீட்டு மாற்றுச் சாவி எங்கே, எந்தப் போர்வை இல்லாமல் தூங்க மாட்டாள், இருட்டில் பயந்தால் என்ன சொன்னால் சமாதானமாவாள். வார்டில் நாங்கள் ஒப்படைத்ததும் இவ்வளவுதான். ஒரு பிரதி உங்கள் கதவுக்குப் பின்னால் இருக்கட்டும், இரண்டு பிரதிகள் அந்த இருவர் கையில். கொடுத்ததும் எனக்கு ஒரு வரி எழுதுங்கள். பெயர் வேண்டாம், "கொடுத்தாயிற்று" என்று மட்டும் இருந்தால் போதும்.